வேரை விட்டுவிட்டு வேரைத் தேடினேன்

மார்ச் 12, புதன்

இன்று ஒரு தவறு பிடிபட்டது. என்னுடையதுதான். திங்கட்கிழமை இரண்டாவது கண்ணாடித் தட்டில் ‘மியூக்கர்’ என்று பூஞ்சணத்தின் பெயரை எழுதி ஒட்டினேன். அது மியூக்கர் இல்லை.

வகுப்போடு நின்றிருந்தால் அரை மதிப்பெண் போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் நான் அதை அத்தானிடம் சொல்லிவிட்டேன். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, துண்டு அண்ணனுக்குச் சனிக்கிழமையோடு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

முறையாக எழுதுகிறேன். குழப்பி எழுதினால் நாளைக்கு எனக்கே புரியாது.

அக்காவும் அத்தானும் பேக்கரி நடத்துகிறார்கள். நான் பகலில் அங்கே பிரெட்டுக்கு உறை போடுகிறேன், மாலையில் உணவுச் சுகாதார வகுப்புக்குப் போகிறேன். துண்டு அண்ணன் பிரெட்டைத் துண்டு போடும் இயந்திரத்தை ஓட்டுகிறவர். தோளில் எப்போதும் ஒரு துண்டும் கிடக்கும். எதனால் அந்தப் பெயர் வந்தது என்று அவருக்கே தெரியாது.

கொஞ்ச நாளாக எங்கள் பிரெட் வாங்கிப்போன மறுநாளே பூஞ்சணம் பூக்கிறது. வெள்ளைப் பஞ்சு, அதன் மேல் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். வாங்கினவர்கள் அதைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்கிறார்கள். திட்டினால்கூடத் தேவலை.

அடுப்புச் சூட்டில் பூஞ்சணம் பிழைக்காது, வெளியே வந்தபிறகுதான் ஒட்டுகிறது. வெளியே வந்தால் பிரெட்டைத் தொடுவது கத்தி. கத்தி துண்டு அண்ணனுடையது. அத்தானின் கணக்கு இவ்வளவுதான். கணக்கைச் சரிபார்க்க மட்டும் என்னைக் கூப்பிட்டார். படிக்கிறாயே, பார்த்துச் சொல் என்றார். அதுவரை அவர் என்னிடம் டீ இருக்கிறதா என்பதைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வகுப்பில் அப்போது மியூக்கர் குடும்பம் நடந்துகொண்டிருந்தது. இந்தக் குடும்பத்தை அடையாளம் காண்பது சுலபம். இழைகளுக்கு நடுவே தடுப்புச் சுவர் கிடையாது, கூடம் மாதிரி நீளமாக ஓடும். காம்பின் நுனியில் குண்டூசித் தலைபோல ஒரு பை, அதற்குள் வித்துகள். இரண்டு இழைகள் சந்தித்து ஒன்றுகூடினால் முரட்டுத் தோலோடு ஒரு கறுப்பு வித்து. இதுவரை எல்லோருக்கும் ஒரே ஜாடை. வித்தியாசம் வேரில்தான். வேர் என்றால் நிஜ வேர் இல்லை, வேர்போல உணவுக்குள் இறங்கும் இழை. மியூக்கருக்கு அது இல்லை. நினைத்த இடத்தில் காம்பு விடும். அதே குடும்பத்து ரைசோபஸுக்கு உண்டு. பூசணிக்கொடி மாதிரிப் படர்ந்து, ஓரிடத்தில் வேரிறக்கி, அந்த வேருக்கு நேர் மேலே கொத்தாகக் காம்பு விடும். அப்சிடியாவுக்கும் வேர் உண்டு, ஆனால் அது வேரை ஓரிடத்திலும் காம்பை வேறிடத்திலும் வைக்கும். புதிய புத்தகங்களில் ரைசோபஸைத் தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டார்கள், அப்சிடியாவும் வீடு மாறிவிட்டது என்று ஆசிரியை சொன்னார். எங்கள் பாடத்தில் இன்னும் கூட்டுக்குடும்பம்தான்.

கத்தியின் இடுக்கில் சுரண்டியதை முதல் தட்டில் வளர்த்தேன். வேர் இல்லை. மியூக்கர். கெட்டுப்போன பிரெட்டிலிருந்து பஞ்சை இடுக்கியால் ஒரு பிடி பிய்த்து இரண்டாவது தட்டில் வைத்துப் பார்த்தேன். அதிலும் வேர் இல்லை. ஆகவே அதுவும் மியூக்கர். கத்தியும் பிரெட்டும் ஒரே ஆசாமி. அத்தானிடம் போய்ச் சொன்னேன்.

இன்று வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரி அந்தத் தட்டை எடுத்துப் பார்த்தாள். அவள் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். லென்ஸ் என்று எதைக் கண்டாலும் முதலில் துடைப்பாள். துடைத்துவிட்டு நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தாள். இதை எப்படி எடுத்தாய் என்று கேட்டாள். சொன்னேன்.

“அடிப்பாவி. வேர அறுத்து பிரெட்லயே விட்டுட்டு, தட்டுல வேரத் தேடுறியா?”

கீரைக்கட்டின் தூரை அரிந்துவிட்டு, இந்தக் கீரைக்கு வேரே கிடையாது என்று சொல்வதுபோலத்தான். என் காது சூடாகிவிட்டது. அவள் விடவில்லை. பிரெட்டின் மிச்சம் இருக்கிறதா என்றாள். டப்பாவில் இருந்தது. பிய்க்காமல், ஓரத்தை மெல்லிசாகச் சீவி, அப்படியே கண்ணாடியில் வைத்துப் பார்த்தோம். வேர் இருந்தது. வேருக்கு நேர் மேலே, கொத்தாகக் காம்புகள். புத்தகப் படமே எழுந்து வந்ததுபோல நின்றது ரைசோபஸ்.

கத்தியில் இருப்பது வேறு, பிரெட்டில் இருப்பது வேறு. துண்டு அண்ணன் பழியைச் சுமக்கிறார், எழுதிக் கொடுத்தது நான்.

ஆனால் ஒரு தடவை தப்பாகப் பார்த்தவள் இன்னொரு தடவையும் பார்க்கலாம் இல்லையா? கத்திக்குப் போகாத பண்டம் எதிலாவது இதே பூஞ்சணம் வந்தால்தான் உறுதியாகச் சொல்லமுடியும். பன் கத்திக்குப் போவதில்லை. அடுப்பிலிருந்து ஆறவைக்கும் தட்டுக்கு, அங்கிருந்து நேராக என் கைக்கு.

மார்ச் 13, வியாழன்

உறை போடும் மேசைக்கு அடியில் பழைய பன் இரண்டு கிடந்தன. இரண்டிலும் மிளகுத்தூள். மதியம் டீ நேரத்தில் வகுப்பறைக்குப் போய், அங்கிருந்த நுண்ணோக்கியில் சீவிப் பார்த்தேன். வேர், நேர் மேலே கொத்து. இந்த முறை யாரும் துடைத்துத் தரவேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் கத்திக்கு முன்னாலேயே ஒட்டுகிறது. அடுப்புக்கும் கத்திக்கும் நடுவில் ஓர் இடம் இருப்பதை நாங்கள் யாருமே எண்ணவில்லை. பிரெட் ஆறுகிற தட்டு. திரும்பி வந்து அதன் முன்னால் நின்றேன். எதிர்ச் சுவரில் மின்விசிறி. விசிறிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் ஒரு கூடை. கூடையில் ஸ்ட்ராபெர்ரி.

கூடை அக்காவுடையது. கேக் வேலை அவள் தொடங்கியது, அதில் அத்தானே வாய் திறப்பதில்லை. கனிந்த பழம் ரைசோபஸுக்குப் பிறந்த வீடு என்று பாடத்தில் இருக்கிறது.

அக்கா க்ரீம் அடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்துச் சொன்னேன். அவள் கரண்டியை நிறுத்தவில்லை.

“திங்கக்கிழமை கத்தின்னே. இன்னிக்கு என் பழம்ங்கிறே. நாளைக்கு என்னடி, கூரையா?”

அவள் கேட்டதில் தப்பில்லை. கூடையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். மேலே ஒவ்வொரு பழமும் மணப்பெண் மாதிரிப் பளபளவென்று இருந்தது, அதைக் காட்டினாள். காட்டிக்கொண்டே சாய்த்தாள். அடியில் இருந்தவை நீர்விட்டுக் குழைந்து, நரைத்த மீசை முளைத்துக் கிடந்தன. மீசை முழுக்கக் கறுப்புக் குண்டூசி. விசிறிக் காற்றில் ஒரு சின்னப் புகை எழுந்து, ஆறிக்கொண்டிருந்த பிரெட்டின் பக்கம் போனது. இருவரும் அதைப் பார்த்தோம்.

அக்கா விசிறியை நிறுத்தினாள். “புதுப் பழத்தை மேல மேல கொட்டினேனே ஒழிய, கூடைய ஒருநாளும் கவுத்ததில்ல,” என்றாள். பிறகு அவளே அத்தானைக் கூப்பிட்டாள். என்னைச் சொல்லவிடாமல், முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை தானே சொன்னாள். அதற்காக அவளுக்குக் கோவில் கட்டலாம்.

அத்தான் கூடையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். கத்தியிலும் ஏதோ இருந்ததே என்றார். இருந்தது, அது வேறு, அதையும் தேய்க்கத்தான் வேண்டும் என்றேன். வேறு என்று எப்படி நம்புவது, திங்கட்கிழமையும் இதே முகத்தோடுதானே சொன்னாய் என்று கேட்டார். நான் இடுக்கியால் பிய்த்த கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“அவன் வேற எடத்துல வேல கேட்டு வச்சிருப்பானோ என்னவோ. நான் போய் என்னன்னு சொல்றது?”

“நீங்க அனுப்பினது என் பேச்சக் கேட்டுத்தானே, அத்தான். நானே போய்ச் சொல்றேன்.”

அவர் சரி என்றார். நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சரி என்றார். சனிக்கிழமை என்ற பேச்சு இனி இல்லை என்றும் சொல்லச் சொன்னார்.

துண்டு அண்ணன் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார். இயந்திரத்தின் மேல் அவர் துண்டு மட்டும் கிடந்தது. மறந்து போனாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று தெரியவில்லை. மடித்து என் மேசையில் வைத்திருக்கிறேன்.

நாளைக் காலை அடுப்பு மூட்டுவதற்குள் அவர் வீட்டுக்குப் போய்த் துண்டைக் கொடுத்து, தப்பு என்னுடையது, வேலைக்கு வாருங்கள் என்று சொல்லவேண்டும். அவர் வந்தால் இருவருமாகக் கத்தியைக் கழற்றித் தேய்க்கவேண்டும். அக்கா கூடையைப் பின்னறைக்கு மாற்றுவாள். நான் ஆறவைக்கும் தட்டைக் கொதிநீரில் கழுவி, மறுநாள் பூக்கிறதா என்று பார்க்க முதல் பிரெட்டின் உறையில் தேதி எழுதி எடுத்து வைக்கவேண்டும்.