நாற்பத்தொன்றாவது மனு

அரசு அலுவலகத்தின் மதில் ஓரமாக ஒரு மடக்கு மேசையும் இரண்டு ஸ்டூல்களும் போட்டு உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் மனுக்காரர் என்பார்கள். பசை டப்பா, ஸ்டேப்ளர், இரண்டு நீலப் பேனாக்கள், சோப்பு அட்டையை வெட்டி எண் எழுதிய டோக்கன்கள். எழுதத் தெரியாதவர்களுக்கும், எழுதத் தெரிந்தும் அரசுப் படிவத்தைக் கண்டால் மிரள்பவர்களுக்கும் அவர் எழுதிக் கொடுப்பார்.

எழுதும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டார். திமிர் இல்லை. முகத்தைப் பார்த்து வருமானம் கேட்டால் மனிதர்கள் கூட்டிச் சொல்கிறார்கள். குனிந்துகொண்டு கேட்டால் உண்மை வருகிறது. பத்து வருடத்தில் கற்றது இது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் சட்டை கம்பெனியை இழுத்து மூடினார்கள். வேலை போன பெண்களுக்கு ஒரு வருடம் உதவித்தொகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று அரசு அறிவித்தது. நாற்பது பெண்கள் மனுக்காரரிடம் வந்தார்கள். நாற்பது பேருக்கும் எழுதினார். தயங்கியவர்களை அதட்டவும் செய்தார். "எதுக்கும்மா தலையைக் குனியறீங்க? இது பிச்சையா? வேலை பாத்தீங்க, வரி கட்டினீங்க. நிமிர்ந்து நின்னு கேளுங்க!"

அதே கம்பெனியில் ஒன்பது வருடம் காலர் தைத்த தன் மனைவிக்கு மட்டும் அவர் எழுதவில்லை.

காரணம் அற்பமானது. அலுவலக ஜன்னலில் உட்கார்ந்து மனு வாங்கும் எழுத்தர் அவரைப் பார்த்ததும் "வாங்க மனுக்காரரே" என்பார். தனக்கே மனு போட்டால் அந்த 'வாங்க' போய்விடும் என்று பயந்தார். மனைவியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "குடுத்தாச்சு, வரும்" என்று சொல்லிவிட்டார். அவள் நம்பினாள். வீட்டில் மூன்று வயிறு. மனு எழுதிக் கிடைக்கும் காசு இரண்டுக்குத்தான் காணும்.

மனு கொடுக்கக் கடைசி நாள், மதியம் மூன்று மணி. "டோக்கன் பதினொண்ணு" என்று கூப்பிட்டார். எதிரே ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு படிவம் மேசைக்கு வந்தது. அதில் கையெழுத்து மட்டும் இருந்தது.

"பேரு?"

"உங்களுக்கே தெரியும் சார்."

பேனா நின்றது. மனுக்காரர் நிமிர்ந்தார்.

"நீ என்ன இங்க?"

"மெத்தையைத் தூக்கி வெயில்ல போட்டேன். இது அடியில கிடந்துச்சு" என்றாள் மனைவி. "நல்ல ஆபீஸாப் பாத்துத்தான் குடுத்திருக்கீங்க."

"வீட்டுக்குப் போ. சாயங்காலம் பேசிக்கலாம்."

"நாலு மணிக்கு ஜன்னலை மூடிடுவாங்க. டோக்கன் வாங்கி ஒரு மணி நேரம் வெயில்ல நின்னிருக்கேன். எழுதுங்க சார்."

வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது. சின்ன மாமியாருக்குப் பென்ஷன் படிவம் எழுதி வாங்க வந்திருந்த பட்டன்காரி, கம்பெனியில் பட்டன் தைத்தவள், பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "அண்ணே! எங்க காலர் அக்காவுக்கு முதல் ஆளா எழுதியாச்சுன்னு சொன்னீங்களே?"

"நீ பேசாம வரிசையில நில்லும்மா."

"வரிசையிலதான் நிக்கறேன். காதை எங்க கழட்டி வைக்கறது?"

மனுக்காரர் மறுபடி குனிந்தார். இந்தத் தடவை குனிந்தது எதிரில் இருப்பவருக்காக அல்ல.

"குடும்பத் தலைவர் தொழில்?"

"ஊருக்கெல்லாம் மனு எழுதறது."

"மாத வருமானம்?"

"அதை அவருதான் சொல்லணும். என்கிட்ட நாளுக்கு ஒண்ணு சொல்றாரு."

யாரோ சிரித்தார்கள். மனுக்காரர் ஒரு தொகையை எழுதினார். கூட்டி எழுதவில்லை.

"இப்போ குடும்பச் செலவை எப்படிச் சமாளிக்கறீங்க?"

"பால்ல தண்ணி ஊத்தினேன். இப்போ தண்ணியில பால் ஊத்தறேன். அப்புறம் என் தையல் மெஷினை வித்துட்டேன்."

இரண்டாவது தடவையாக நிமிர்ந்தார். "வித்துட்டியா? உங்க அண்ணன் இரவல் வாங்கிட்டுப் போனார்னு சொன்னே?"

"நீங்க மெத்தைக்கு அடியில வெச்சீங்க. நான் அண்ணன் தலையில வெச்சேன்." அவள் சிரிக்கத்தான் முயன்றாள். "பொண்ணு மட்டும் என்ன? ஃபீஸ் கட்டலைன்னு ஒரு மாசமா அவளை லேப்ல விடலை. லைப்ரரியில உக்காந்துட்டு வந்து, 'இன்னிக்கு பரிசோதனை பிரமாதம்மா'ங்கறா. நேத்து டீச்சர் சொல்லித்தான் தெரியும்."

ஒரு வீட்டில் மூன்று பேர், ஆளுக்கொரு பொய். அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று மூன்று பேரும் தனித்தனியாகப் பட்டினி கிடந்தார்கள். அதற்கு மானம் என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

கடைசிக் கட்டம் வந்தது. "விண்ணப்பிக்கத் தாமதமான காரணம்?"

"வீட்டுக்காரருக்கு வெக்கம்."

"அப்படியெல்லாம் எழுத முடியாது. 'தவிர்க்க இயலாத குடும்பச் சூழ்நிலை'ன்னு போடறேன்."

"தவிர்த்திருக்கலாமே அண்ணே!" என்றாள் பட்டன்காரி. வரிசை மொத்தமும் சிரித்தது.

"வெக்கம்னே எழுதுங்க" என்றாள் மனைவி.

எழுதினார். கையெழுத்து என்னவோ வழக்கம்போல் அழகாகத்தான் இருந்தது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, எழுத்துக் கூலியை மேசையில் வைத்தாள்.

"என்கிட்டயே கூலி குடுக்கறியா?"

"வாங்கிக்கங்க. ராத்திரி வீட்டுக்குக் கொண்டு வருவீங்கல்ல?"

மேசையைப் பட்டன்காரியிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் ஜன்னல் வரிசையில் நின்றார்கள். நூற்றுக்கணக்கான பேரை அனுப்பிய வரிசையில் அவர் தனக்காக நிற்பது அன்றுதான் முதல் தடவை. தோள் தானாகக் கூனியது. விலாவில் ஒரு இடி விழுந்தது.

"எதுக்குத் தலையைக் குனியறீங்க? இது பிச்சையா? வேலை பாத்தேன், வரி கட்டினேன். நிமிர்ந்து நில்லுங்க."

எழுத்தர் தலையைத் தூக்கினார். "வாங்க மனுக்காரரே! இன்னிக்கு யாருக்கு?"

"எனக்கு" என்றார். பிறகு, "எங்களுக்கு" என்று திருத்தினார்.

எழுத்தர் ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டே வந்தார். கடைசிக் கட்டத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"பத்து வருஷமா உங்க கையெழுத்தைப் படிக்கறேன். எல்லாத்துலயும் தவிர்க்க இயலாத சூழ்நிலை. இன்னிக்குத்தான் ஒரு காரணம் விளங்குது." முத்திரை விழுந்தது. "இருங்க, ஓடாதீங்க. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் தரேன். இதைக் காட்டினா பணம் வர்ற வரைக்கும் பொண்ணை வெளியே நிறுத்த மாட்டாங்க. நாப்பது பேரை இதுக்காக நீங்கதானே என்கிட்ட அனுப்பினீங்க? உங்க வீட்டுக்கு மட்டும் மறந்து போச்சா?"

அவர் பயந்த 'வாங்க' எங்கும் போய்விடவில்லை. அதே இடத்தில்தான் இருந்தது.

அடுத்த வாரம் மகள், அமிலம் தெறித்து ஓட்டையான சட்டைக் கையோடு வீட்டுக்கு வந்தாள். "பாருங்கப்பா, நிஜமாவே லேப்!" என்று பதக்கம்போல் அதைத் தூக்கிக் காட்டினாள். அம்மா திட்டிக்கொண்டே ஊசியில் நூல் கோத்தாள்.

மறுநாள் மதில் ஓரத்தில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் மூன்று தடவை மேசையைக் கடந்து போனார். நான்காவது தடவை நின்றார்.

"உதவித்தொகைப் படிவம் ஒண்ணு... எனக்கு இல்ல. ஒரு நண்பருக்கு. அவருக்கு வேலை போயிடுச்சு. அவங்க கம்பெனிக்கும் இப்போ உதவித்தொகை அறிவிச்சிருக்காங்களாம்."

மனுக்காரர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். ஸ்டூலை முன்னால் தள்ளினார்.

"உங்க நண்பரை உக்காரச் சொல்லுங்க சார். போன வாரம் இதே ஸ்டூல்ல என் வீட்டுக்காரி உக்காந்தா. என் வருமானம் என்னன்னு வரிசைக்கே தெரியும்." தொகையையும் சொன்னார். "கஷ்டம் வர்றது தப்பில்ல சார். உதவி இருக்கற இடம் தெரிஞ்சும் கேக்காம இருந்து, வீட்டு ஆளுங்க வயித்தைக் காயப் போடறோம் பாருங்க, அதுதான் தப்பு. அஞ்சு மாசம் அந்தத் தப்பைப் பண்ணவன் சொல்றேன்."

இஸ்திரிச் சட்டைக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"பேரு?"

அவர் தன் பெயரையே சொன்னார்.