பொன்னாடைக்கு முன் நாலு பாட்டு

…வந்தேவிட்டாள், மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, மயில்பச்சைச் சேலை, மடியில் கைப்பை, வரமாட்டாள் என்றுதான் நேற்று முழுக்க நம்பிக்கொண்டிருந்தான், பழுகாமத்திலிருந்து பஸ் பிடித்து இந்த வெயிலில் மட்டக்களப்பு நகரத்துக்கு வர அவளுக்கு என்ன தலையெழுத்து, அத்தானுக்கு முழங்கால் ஏலாது, மாட்டுக்குத் தண்ணீர் வைக்க ஆளில்லை என்று அவள் சார்பில் காரணங்களை அவனே அடுக்கி வைத்திருந்தான், அக்கா சுலோஜனா ஒரு காரணத்தையும் மதிக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள்… உதயரூபன் கொஞ்சம் பின்னால் நகரப் பார்த்தான், இடமில்லை. வேல்ஸ் நாட்டிலிருந்து கலைவிழாவுக்கு வந்திருக்கும் முப்பத்திரண்டு பேர் கொண்ட ஆண்கள் பாடற்குழு, அதில் முப்பத்தொரு தலை வெள்ளை அல்லது வழுக்கை, ஒரே ஒரு தலை கறுப்பு, ஒளிந்துகொள்ள இதைவிட மோசமான இடத்தை ஒரு மனிதன் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. கோட்டுக்குள் வியர்வை முதுகு வழியே இறங்கியது. வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, மூன்றிலும் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் கதை வந்துபோயிற்று, இந்த வாவியில் மீனைத் தவிர எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள், இனிப் பாட்டுத்தான், முதலில் நாலு பாட்டு, நாலாவது முடிந்ததும் பொன்னாடை, அதற்குப் பிறகு கடைசிப் பாட்டு, அந்தப் பொன்னாடை மட்டும் இல்லாமல் போனால் எவ்வளவு நல்லது.

பொன்னாடைக்குப் பயப்படுகிற மனிதனும் உண்டா? உண்டு, இதோ நிற்கிறான். மேடைக்குப் பின்னால் அரை மணிநேரத்துக்கு முன் அறிவிப்பாளர் திவாகரன் சேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார், “தம்பி, நாலாவது பாட்டு முடிஞ்ச கையோட உங்களுக்குப் பொன்னாடை. உங்கட வரலாறு முழுக்க வருசம் வருசமா கையில இருக்கு, ஒண்டும் விடமாட்டன்.” ஐயோ சேர், வேணாம், முப்பது பேரோட நானும் ஒராள், என்றான். “அதெப்படி வேணாமெண்டு சொல்லுவீங்க? இந்த மண்ணிட பிள்ளையெல்லா!” என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது? குழுவின் செயலாளர் மின்னஞ்சலில் அனுப்பியிருப்பார், அந்த மனுசனுக்கு எதையும் ஒழுங்காகச் செய்யாவிட்டால் தூக்கம் வராது, எந்த வருடம் எந்த ஊர், என்ன பரிசு, எல்லாம் வரிசையாக இருக்கும், பதினான்கு, பதினைந்து, பதினாறு, பிறகு பதினேழு… இரண்டாயிரத்துப் பதினேழு ஜூலை, பெரிய பாட்டுப் போட்டி, இரண்டாம் பரிசு, குழுவின் அறுபது வருட வாழ்வில் அதைவிடப் பெரிய நாள் இல்லை, அதை யாராவது விடுவார்களா? திவாகரன் சேர் ஒலிவாங்கியில் அதை முழங்குவார், மூன்றாவது வரிசையில் ஒருத்தி அதைக் கேட்பாள், கேட்டு ஒரு சின்னக் கணக்குப் போடுவாள், அதே ஜூலை, அதே சனிக்கிழமை, அப்பா நல்லரத்தினத்தை மண்ணுக்குள் வைத்த நாள்.

முதல் பாட்டுக்கு எலன் கையை உயர்த்தினாள், குழுவை நடத்துகிறவள், ஒல்லியான உயரமான பெண், அவள் விரல் அசைந்தால் முப்பத்திரண்டு நெஞ்சும் ஒன்றாகக் காற்றை இழுக்கும், அவனுடையதும் இழுத்தது, பழக்கம், மனம் எங்கே போனாலும் குரல் தன் வேலையைப் பார்க்கும். துதிப்பாட்டு, மெதுவாகத் தொடங்கி அடியிலிருந்து எழும், அடிக்குரல்காரர்களில் அவனும் ஒருவன்… ஏன் அப்படிச் சொன்னேன்? எட்டு வருடமாகக் கேட்கிற கேள்வி, பதில் மட்டும் வருடத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டிருக்கிறது. வெள்ளி விடிய அக்கா போன் எடுத்தாள், அப்பா போயிற்றார் மனே என்றாள், தம்பியை மகனே என்றுதான் கூப்பிடுவாள், கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “வைச்சிருக்கவா? உடம்புக்கு மருந்தேத்தினா திங்கள் வரைக்கும் வைச்சிருக்கலாமாம். நீ வாறண்டா எல்லாரும் காத்திருப்பம்” என்று கேட்டாள். வைச்சிருக்கவா… அந்த ஒரு சொல். அவன் யோசித்தானா? யோசித்திருந்தால்கூட மனம் ஆறும், யோசிக்கவே இல்லை, ஒரு நொடியும் இல்லை, “வேணாம் அக்கா, எனக்கு இன்னும் பேப்பர் வரல்ல, நீங்க பார்த்துச் செய்யுங்க” என்று வாய் சொல்லிவிட்டது. மார்ச் மாதமே அந்தப் பேப்பரும் கடவுச்சீட்டும் வந்து மேசையின் இழுப்பு லாச்சிக்குள் கிடந்தன, சிவப்பு மட்டை, பொன் எழுத்து, பேசிக்கொண்டிருந்தபோது அந்த லாச்சியில்தான் அவன் முழங்கால் முட்டிக்கொண்டிருந்தது.

கைதட்டல். அக்கா கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டினாள். இரண்டாவது தாலாட்டு. இதைத்தான் அவன் முதலில் கற்றான், தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த குளிரான அறையில், செவ்வாய்க்கிழமைகளில், கோழித் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்த ஹியூதான் கூட்டிப்போனவர், அதோ இப்போதும் இடப்பக்கத்தில் நிற்கிறார், எழுபது வயது, வெயிலில் மூக்குத் தோல் உரிந்துவிட்டது. மொழி தெரியாது, பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடினான், தமிழில் எழுத்தில்லாத ஒரு சத்தத்துக்குப் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டுக்கொண்டான், யாரும் சிரிக்கவில்லை, ஏன் வந்தாய், எப்படி வந்தாய், எப்போது போவாய் என்று யாரும் கேட்கவில்லை, முகவரிடம் காசு கட்டி நாடு நாடாக ஒளித்து வந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! அங்கே அவன் ஒரு குரல், அவ்வளவுதான். ஊருக்கு வந்தால் மகன், தம்பி, பிள்ளை, விட்டுப் போனவன்… அதுதானா காரணம்? விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்று பயந்தேன் என்று முதல் இரண்டு வருடமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், பயம் இருந்தது உண்மைதான், ஆனால் அவனோடு வந்த பொடியன்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள், கலியாணம் கட்டித் திரும்பினார்கள், ஒருவனையும் ஒருவரும் பிடிக்கவில்லை. எலன்கூடச் சொன்னாள், போ ரூபன், பாட்டு எங்கே ஓடிப்போகப் போகிறது என்று. அவளிடம் என்ன சொன்னான்? அடக்கம் முடிந்துவிட்டது, வரவேண்டாம் என்று வீட்டார் சொல்லிவிட்டார்கள் என்றான். அக்காவுக்கு ஒரு பொய், இவளுக்கு ஒரு பொய், இரண்டுக்கும் நடுவில் சனிக்கிழமை அவனுக்குச் சும்மா கிடைத்தது.

மூன்றாவது பாட்டு சுரங்கத்தில் இறந்துபோனவர்களுக்கானது. அன்றைக்கும் இதே பாட்டுத்தான், வேண்டாம், இதை நினைக்காதே, நினைத்தால் அடிக்குரல் நடுங்கும்… போட்டி மண்டபத்தின் நடைக்கூடம், வெளியே மழை, காலை பதினொன்றரை மணி, ஊரில் பின்னேரம் நாலு, கைபேசிக்குள் அடக்கத்துக்கு வந்த கூட்டமும் குழியும் ஆடி ஆடித் தெரிந்தன, அவன் குழுவின் கோட்டும் சிவப்புக் கழுத்துப்பட்டியும் கட்டியிருந்தான், அது தெரியக்கூடாது என்று மேலே மழைக்கோட்டைப் போட்டுத் தாடைவரை பொத்தான் பூட்டியிருந்தான். அக்கா அந்த அழுகைக்குள்ளும் பார்த்துவிட்டாள், “அங்க மழையா மனே?” என்றாள். ஓம் அக்கா, சரியான மழை. அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை. ஆண்பிள்ளை போட வேண்டிய முதல் பிடி மண்ணை அத்தான் குனிந்து போட்டார், பலகையில் அது விழுந்த சத்தம்கூட வந்தது, பிறகு யாரோ கையசைத்து இவனைக் கூப்பிட்டார்கள், பதின்மூன்றாவது குழு தயாராகட்டும் என்று, மழைக்கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு மேடைக்குப் போனான். இதுவரையும் யாராவது மன்னிப்பார்கள். இதற்குப் பிறகுள்ளதை அவன் யாருக்கும் சொன்னதில்லை. அவன் சந்தோசமாக இருந்தான். நாலு நிமிடம், அப்பா இல்லை, குழி இல்லை, குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றபோது பிறந்ததிலிருந்து அப்படிச் சந்தோசமாக இருந்ததே இல்லை என்று தோன்றியது, தோன்றியதைத் தானே கேட்டான். இரண்டாம் பரிசு என்றதும் கிழவர்கள் எல்லோரும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அப்பாவுக்காகப் பாடினாய் என்றார்கள். அவன் அப்பாவுக்காகப் பாடவில்லை. பாட ஆசையாக இருந்தது, பாடினான், வேறொன்றும் இல்லை, சீ, என்ன பிறவி நான்.

நாலாவது எடுப்பான பாட்டு, கூட்டம் தாளம் போடத் தொடங்கிவிட்டது, அக்காவும் தலையை ஆட்டுகிறாள். நேற்று அவள் வீட்டுக்குப் போய் ஒரு மணிநேரம் இருந்தான், பத்தொன்பது வருடத்துக்கு ஒரு மணிநேரம், நல்ல கணக்கு. இறால் பொரித்திருந்தாள், முன்னால் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் அப்பாவின் படம், மின்குமிழ் மாலை, அதற்கு முதுகு காட்டியும் இருக்க முடியவில்லை, முகம் காட்டியும் இருக்க முடியவில்லை, கதிரையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டான். சொல்லிவிடு என்று தொண்டைவரை வந்தது, அக்கா, அண்டைக்கு எனக்குப் பேப்பர் இருந்தது. அந்த நேரம் பார்த்து அயல்வீட்டு இலட்சுமிப்பிள்ளை வந்து நின்றாள், தகப்பனிட முகத்தைக் கடைசியா ஒருக்காப் பார்க்கக் குடுத்து வைக்கல்லையே உனக்கு என்று முகத்துக்கு நேரே சொன்னாள். “அவன் என்ன செய்யிற, அப்ப பேப்பர் இல்ல, பாவம்” என்று அக்கா வெடுக்கென்று சொல்லி, அவன் தட்டில் இன்னும் இரண்டு இறாலை வைத்தாள். அவள் அப்படி நம்பிச் சொல்லச் சொல்ல, அவன் குனிந்து அந்த இரண்டு இறாலையும் தின்று முடித்தான்.

முடிந்துவிட்டது. கைதட்டல். திவாகரன் சேர் ஒலிவாங்கியை இரண்டு தட்டுத் தட்டிச் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார், உதயரூபன் தரையைப் பார்த்தான், ஓடலாமா, மயங்கி விழலாமா, இந்த வயதில் மயங்கி விழுந்தால் நம்புவார்களா… “பழுகாமம் பெற்றெடுத்த பாடகன், இரண்டாயிரத்துப் பதினான்கில் இக்குழுவில் இணைந்தார். பதினைந்தில் வேல்ஸ் தலைநகரில் பாடினார். பதினாறில் வேல்ஸ் தேசிய விழாவில் பாடினார்.” சேர் மூச்சு வாங்கினார், கூட்டம் காத்திருந்தது, வரட்டும், வந்து தொலையட்டும், எட்டு வருடமாகக் கழுத்தில் தொங்குவது இன்றைக்காவது விழட்டும்… “பதினெட்டில் கனடாவில் பாடினார்.” என்ன? பத்தொன்பதில் எங்கேயோ, இருபத்திரண்டில் எங்கேயோ, அவன் காதில் ஒன்றும் ஏறவில்லை. பதினேழு இல்லை. விடுபட்டுப் போயிற்று. கடவுளே, கடவுளே என்று மனம் கும்பிட்டது, தப்பிவிட்டேன் என்று நினைத்தான், நினைத்த மறுகணமே வெட்கமாக இருந்தது, அப்பாவின் சாவு நாளில் ஒருமுறை தப்பியது போதாதா. யார் விட்டது? அந்தச் செயலாளரா, அவர் பரிசு பெற்ற வருடத்தை விடுகிற ஆளா?

“இந்த விபரங்கள் எனக்குத் தெரியாது” என்று திவாகரன் சேர் சிரித்தார். “இணையத்தில இருக்கிற இவர்ட பாட்டு ஒவ்வொண்டையும் தேடித் தேடிப் பார்த்து, திகதியோட கொப்பித் தாளில எழுதித் தந்தவ இவர்ட அக்கா. அவவே வந்து பொன்னாடை போர்த்துவா.” தாளை உயர்த்திக் காட்டினார். கோடு போட்ட தாள், நீல மை, இடப்பக்கம் சாயும் பெரிய பெரிய எழுத்து, சின்ன வயதில் அவனுக்கு அ எழுதிக் காட்டிய அதே கை. குழுவின் இணையப் பக்கத்தில் போனால் முதலில் வந்து நிற்பதே பதினேழாம் வருடப் பாட்டுத்தான், ஒரு இலட்சம் பேர் பார்த்தது, கீழே திகதி, இரண்டாவது வரிசையில் அவன், சிவப்புக் கழுத்துப்பட்டி, வாய் நிறையப் பாட்டு. அதைத் தாண்டாமல் மற்ற எதற்கும் போக முடியாது. அப்படியென்றால்… அவள் படி ஏறிக்கொண்டிருந்தாள், சேலைக் கொய்யக மடிப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, யாரோ பொன்னாடையை நீட்டினார்கள், மஞ்சள், ஓரத்தில் சரிகை. எதிரில் வந்து நின்றாள். அவன் உயரத்துக்கு அவளுக்குக் கை எட்டவில்லை.

“குனி மனே.”

குனிந்தான். அவளுடைய கை தோளுக்கு மேலால் போனது, தலையில் தேங்காய் எண்ணெய் வாசம், காதுக்குப் பக்கத்தில் முகம், இப்போது கேட்டால்தான் உண்டு. “அக்கா… அந்தப் பதினேழு…” என்று தொடங்கினான். அவள் சரிகை மடிப்பை நேராக்கினாள், தோளில் விழுந்திருந்த ஏதோ நூலைத் தட்டிவிட்டாள்.

“ஆக்கள் பார்க்கிறாங்க,” என்றாள். “சிரி.”

சிரித்தான். கைபேசிகள் மின்னின. ஹியூ அவன் முதுகில் தட்டினார். அவள் இறங்கிப் போய் மூன்றாவது வரிசையில், விசிறிக்குக் கீழே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், முகத்தில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை, அடுத்த பாட்டுக்குக் காத்திருக்கிற முகம். எப்போது பார்த்தாள்? போன மாதமா, போன வருடமா, இல்லை… மாதம் மாதம் போன் எடுத்து, பேப்பர் என்ன மாதிரி, பேப்பர் என்ன மாதிரி என்று கேட்டுக் கேட்டுக் களைக்காதவள் ஒருநாள் கேட்பதை விட்டாள், அது எப்போது? அப்பாவின் முப்பத்தோராம் நாள் முடிந்து, அந்த வருடம் செப்டெம்பர், அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை, அக்கா மறந்துவிட்டாள் என்று அவன் நிம்மதியாகத் தூங்கினான். அடுத்த வருடம், பேப்பர் வந்திற்று அக்கா என்று இவனாகச் சொன்னபோது “நல்லம்” என்றாள், அவ்வளவுதான், மாட்டுக்குத் தண்ணி வைக்கணும் என்று வைத்துவிட்டாள். எலன் கையை உயர்த்தினாள், முப்பத்தொரு பேர் மூச்சை இழுத்தார்கள்.