நாற்பது தடவை எழுந்து உட்கார்ந்தவன்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதைகளும் அப்படித்தானே என்று அறிவாளித்தனமாகத் தலையாட்ட வேண்டாம். நான் சொல்வது அசல் பொய். தேதி போட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் முப்பத்தொரு நாள் தொடர்ந்து எழுதிய பொய்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

“அதிகாலைச் சூரியன் தன் பொற்கதிர்களை விரிக்க, நடுங்கும் கரங்களோடும் நடுங்காத நெஞ்சோடும் அவர்—”

(அடித்துவிட்டேன். நடுங்காத நெஞ்சாம்! இப்படி எழுதுகிறவர்களைக் கிண்டல் செய்துதான் முப்பது வருடமாக வார இதழ்களில் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.)

இரண்டாவது தொடக்கம்: “எனக்கு வயது ஐம்பத்தாறு. மூன்று வருடமாகப் பார்க்கின்சன் நோய்.”

இதில் பொற்கதிர் எதுவும் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

வலது கை நடுங்கும். நடை இழுக்கும். வாசற்படியைப் பார்த்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மாத்திரை மட்டும் போதாது, தினமும் உடற்பயிற்சி செய்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, என்னைச் சந்திக்கும் ஒவ்வொருவரும் ஊக்கப்படுத்துகிறார்கள். எதிர் வீட்டுக்காரர் மாடியிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். மைத்துனன் தினமும் காலையில் சிங்கத்தின் படம் அனுப்புகிறான்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். இந்த நோயில் மூளைக்குள் எந்தச் சரக்கு குறைந்துபோகிறதோ, ஒரு காரியத்தைச் செய்யத் தூண்டுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. என்னிடம் வந்து “ஊக்கமா இருங்க” என்பது, பெட்ரோல் தீர்ந்து நிற்கும் வண்டியிடம் “நீயே போய்ப் போட்டுக்கிட்டு வா” என்பது மாதிரி.

பயிற்சி மையம் இருப்பது முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. படி ஏற முடிந்தவர்களுக்கு அங்கே படி ஏறச் சொல்லித் தருகிறார்கள். சுவரில் ஒருவன் மலையுச்சியில் கைகளை விரித்து நிற்கிறான். அவனுக்கு ஒரு வியாதியும் இல்லை என்பது பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். அங்கே பயிற்சி தரும் பெண், நல்ல பெண்தான், ஆளுக்கொரு நோட்டு கொடுத்தாள். தேதி, நேரம், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்ந்தது எத்தனை தடவை, அப்போது மனம் எப்படி இருந்தது.

ஒரு எழுத்தாளனிடம் போய் வெற்றுத்தாளைக் கொடுத்தது அவளுடைய தவறு.

3

முதல் நாள் நிஜமாகவே செய்தேன். ஆறு தடவை. “ஆறு” என்று எழுதினேன். பக்கம் பரிதாபமாக இருந்தது. “இருபது” என்று திருத்தினேன். உடனே நடையில் ஒரு எடுப்பு வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து செய்வதை விட்டுவிட்டு எழுத மட்டும் செய்தேன். இருபத்திரண்டு, இருபத்தைந்து, முப்பது. ஏறிக்கொண்டே போனால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று தொழில் அனுபவம் சொன்னது. ஆகவே பன்னிரண்டாம் நாள்: “இன்று ஒன்பதுதான். பாதியில் உட்கார்ந்து அழுதேன்.* நாளை பார்க்கலாம்.”

(* அழவில்லை. சோபாவில் படுத்துத் தொலைக்காட்சித் தொடர் பார்த்தேன். அதில் வேறு யாரோ அழுதார்கள்.)

என் மனைவி கணக்கு டீச்சர். ஒருநாள் நோட்டைப் புரட்டினாள்.

“ஏங்க, செவ்வாக்கிழமை காலைல ஏழு மணிக்கு நாப்பது தடவையா?”

“ஆமா.”

“ஏழு மணிக்கு நான் உங்க மேல இருந்து போர்வைய உருவிக்கிட்டு இருந்தேன்.”

“அதுக்கு முன்னாடியே செஞ்சிருப்பேன்.”

“இவ்வளவு அழகா எழுதற நேரத்துல நெஜமாவே பத்து தடவை எந்திரிச்சிருக்கலாம்.”

என் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முகத்தசைகளை இறுக்கிவிடுவது இந்த நோயின் குணம். பொய் சொல்வதற்கு இவ்வளவு தோதான முகம் எனக்கு இதற்கு முன் வாய்த்ததே இல்லை.

4

மாதம் முடிந்ததும் பயிற்சிப் பெண் நோட்டை வாங்கிப் பார்த்தாள். பார்த்ததோடு விட்டாளா? வட்டமாக உட்கார்ந்திருந்த எட்டுப் பேருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள். என் எழுத்து இப்போதெல்லாம் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டது. கண்ணுக்கு ஒட்ட வைத்துக்கொண்டு படித்தாள். பன்னிரண்டாம் நாள் வந்தபோது அவள் குரல் உடைந்தது. என் எழுத்தைப் படித்து இதுவரை பத்திரிகை ஆசிரியர்கள் மட்டும்தான் அழுதிருக்கிறார்கள்.

கைதட்டினார்கள். நான் அடக்கத்தோடு தலை குனிந்தேன்.

பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அகன்ற தோள், சின்னக் கண்.

“சார், நாப்பதா?”

“ஏதோ, முடிஞ்ச வரைக்கும்.”

“நான் எட்டுலயே நின்னு போயிடறேன். உங்கள விட மாட்டேன், பாத்துக்கங்க.”

மறுநாளிலிருந்து காலையில் ஃபோன். “சார், பதினொண்ணு. உங்களுக்கு?” படுக்கையில் புரண்டபடியே “நாப்பது” என்பேன். “சார், பத்தொம்பது. உங்களுக்கு?” ஆள் சலித்துப்போய் விட்டுவிடுவார் என்று “நாப்பத்திரண்டு” என்றேன். மனுஷன் அடுத்த வாரம் முப்பதைத் தொட்டுவிட்டார். மூன்று வாரமாக இதே கூத்து. நோயாளியை நிம்மதியாகத் தூங்கவும் விடாத ஊர் இது!

5

இந்த டிரைவர் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. விடாமுயற்சி, வெள்ளை மனசு என்று அளவுக்கு மீறி நல்லவராகிக்கொண்டு போகிறார். குறை ஏதாவது சேர்த்தாக வேண்டும். சேர்க்கிறேன்: கேரம் விளையாட்டில் தோற்றால் இரண்டு நாள் பேச மாட்டார். உலகில் தன்னைத் தவிர யாருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது என்பார். நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் “ஹேண்ட் பிரேக் எடுத்தாச்சு, ஃபர்ஸ்ட் கியர்” என்று சத்தம் போடுவார்.

(இதில் ஒன்றைக்கூட நான் கற்பனை செய்யவில்லை. அதுதான் எரிச்சல்.)

இன்று மாலை நாலு மணிக்கு மறுபடி அழைத்தார்.

“சார், நாளைக்கு மையத்துல நீங்களும் நானும் ஒண்ணா நாப்பது. எல்லார் முன்னாடியும். மேடம்கிட்ட சொல்லிட்டேன்.”

“எதுக்குங்க இந்த வயசுல போட்டியெல்லாம்?”

“போட்டி இல்ல சார். ரெண்டு மாசம் முன்னாடி பாத்ரூம்ல எந்திரிக்க முடியாம ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்தேன். மக வந்துதான் தூக்குனா. வேலைய விட்டுட்டு உன்னப் பாத்துக்கறேம்ப்பான்னு ராஜினாமா லெட்டர் எழுதி வெச்சுட்டா. இப்ப நானே எந்திரிக்கிறேன். அவ அத இன்னும் ஆபீஸ்ல குடுக்கல.”

“நல்ல விஷயந்தானே.”

“எட்டோட விட்டுடலாம்னுதான் அன்னிக்கு வந்தேன் சார். பன்னெண்டாம் நாள் நீங்க உக்காந்து அழுதத மேடம் படிச்சாங்க பாருங்க, இவரே அழுதுட்டு மறுநாள் எந்திரிச்சிருக்காரு, நமக்கென்னன்னு தோணுச்சு. அது ஒண்ணுதான் சார்.”

முப்பது வருடம் எழுதி ஒரு ஆளைக்கூட நாற்காலியிலிருந்து கிளப்பியதில்லை. கிளப்பிய ஒரே வரி, நம்பகத்தன்மைக்காக நான் செருகியது.

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) உண்மையைச் சொல்கிறேன். டிரைவர் என்னைக் கட்டிக்கொண்டு மன்னிக்கிறார். (கேரம் தோல்வியையே மன்னிக்காதவர். நாளைக்கு அவர் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழாமலே போனால், மகள் லெட்டரைக் கொடுத்துவிடுவாள்.)

ஆ) காலையில் அதிசயம் நிகழ்கிறது. நாற்பது தடவை எழுகிறேன். பின்னணியில் இசை— (வெட்கமாக இருக்கிறது. நிறுத்திவிட்டேன்.)

இ) காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்துவிடுகிறேன். (எனக்குப் பிடித்த முடிவு இதுதான்.)

மூன்றையும் மனைவியிடம் படித்துக் காட்டினேன். விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள்.

“மூணையும் உக்காந்துக்கிட்டேதான் எழுதினீங்களா?”

“பின்ன? நின்னுக்கிட்டா எழுதுவாங்க?”

அவள் எழுந்து வந்து, சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்து, வழுக்காமல் இருக்கச் சுவரோரமாகப் போட்டாள்.

“நீயாவது எண்ணேன்.”

“எனக்கு இன்னும் இருபத்தேழு பேப்பர் இருக்கு. உங்க வாசகர்கிட்ட சொல்லுங்க.”

ஒரு தடவை முயன்றேன். முழங்கால் பாதியில் நின்று, திரும்ப உட்கார்த்திவிட்டது. அதைச் சேர்க்காதீர்கள்.

இந்த இடத்தில் முறைப்படி நான் ஒரு எண்ணை எழுத வேண்டும். நாளைக் காலை டிரைவரின் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஆனால் நான் எழுதும் எண்களின் லட்சணம் உங்களுக்கே தெரியும். கையை மார்பில் கட்டிக்கொண்டு எழ வேண்டுமாம்; பேனாவைப் பிடித்துக்கொண்டு அது முடியாது. வைத்துவிடுகிறேன். எண்ணுங்கள்.