ஒரு தோள்பட்டையைக் கண்காணித்தல்

டீ டம்ளரை நெட்டை இடது கையால்தான் எடுத்தான். ஆனால் அதற்கு முன்னால், ஒரு நொடி, அவனுடைய வலது கை மேசையில் லேசாக அசைந்ததைச் சூப்பர்வைசர் பார்த்துவிட்டாள். மற்றவர்கள் பேச்சும் சிரிப்புமாக டீ குடித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தத் தோள்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்கிங் ஹாலில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். அது அவளுக்கும் தெரியும், உள்ளூர ஒரு பெருமையும் உண்டு. வீட்டில் கணவர் தலைவலி என்றால்கூட, "நேத்து எத்தனை மணி வரைக்கும் போனை நோண்டிக்கிட்டு இருந்தீங்க?" என்ற விசாரணை முடிந்த பிறகுதான் மாத்திரை கிடைக்கும்.

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற அவன் ஒரு லோடுமேன். போன மாதம் மேல் தட்டிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளைப் பெட்டி சரிந்து அவனுடைய வலது தோளில் விழுந்தது. விழுந்ததாக அவன் சொன்னான், பார்த்தவர் யாருமில்லை. பெட்டிக்குள் ஒரு குவளைகூட உடையவில்லை என்பதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது. அதைக் கேட்டபோது, "தரையில விழலையேக்கா, என் மேலதானே விழுந்துச்சு" என்றான். பதில் சரியாகத்தான் இருந்தது. அவ்வளவு சரியான பதிலை இவன் எப்போது யோசித்து வைத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. தசைநார் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரை லேசான வேலைதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நஷ்ட ஈட்டுக்கு விண்ணப்பம் போனது. நெட்டை லேபிள் ஒட்டுகிற மேசைக்கு வந்து உட்கார்ந்தான்.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "இந்த வருஷம் எத்தனை கிளெய்ம் பாத்துட்டோம்! இன்சூரன்ஸ்காரங்க என்னையே திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க. நீங்கதான் தினமும் கூடவே இருக்கீங்க. நெசம்னா நெசம்னு சொல்லுங்க, ஆபரேஷன் செலவு அவனுக்குக் கிடைக்கட்டும். நடிப்புன்னா அதையும் சொல்லிடுங்க." நியாயமான பேச்சுதான். அவள் காதில் கடைசி வாக்கியம் மட்டும் தங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலையே இல்லை என்று ஆயிற்று. சட்டைப் பொத்தான் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே, யார் போட்டுவிடுகிறார்கள்? தலை வாரிய வகிடு நூல் பிடித்தது போல இருக்கிறதே, இடது கையால் முடியுமா? ஒரு நாள் சாயங்காலம் பஸ்ஸில் அவன் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போவதைச் சாலையிலிருந்து பார்த்தாள். எந்தக் கை என்று நிதானிப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது. வீட்டுக்கு வந்து கணவரை நடுக்கூடத்தில் கையைத் தூக்கி நிற்கச் சொல்லி, முன்னும் பின்னும் நடந்து பார்த்தாள். "என்னை வச்சு எதுக்குடி பஸ் விடறே?" என்றார் அவர். மேசையில் பெண்களோடு நெட்டை சிரித்துப் பேசினால், வலிக்கிறவனுக்கு இவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வரும் என்று கோபம் வந்தது. சிரிக்காமல் இருந்தால், பாவத்தை எப்படி முகத்தில் அப்பிக்கொண்டிருக்கிறான் பார் என்று அதற்கும் கோபம் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் ஒன்றும் திட்டம் போட்டுக்கொண்டு வரவில்லை. கையில் ஒரு பெரிய டேப் சுருள் இருந்தது. நெட்டை எழுந்து நின்று சோம்பல் முறித்துக்கொண்டிருந்தான், இடது கையால் மட்டும்.

"நெட்டை, பிடி!"

அவனுடைய வலது பக்கமாக, தலைக்கு மேலே போகும்படி வீசினாள். கை தானாக மேலே போனது. பிடித்துவிட்டான்.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று அவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பொங்கியது. அப்புறம்தான் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். மேலே போன கை கீழே இறங்கவில்லை. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, தூங்குகிற குழந்தையை இறக்குவது போல, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது. டேப்பை மேசைமேல் வைத்தான். ஹாலில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"வலிக்குதா?" என்றாள்.

"இல்லக்கா."

"கேக்கறேன்ல? வலிக்குதுன்னா சொல்லு."

"சொன்னா நம்புவீங்களா?"

அவள் டேப்பை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

மேனேஜரிடம் அவள் பொய் சொல்லவில்லை. தோளுக்கு மேலே கையைத் தூக்கினான், பறந்து வந்த டேப்பைப் பிடித்தான் என்றாள். வீசியது யார், பிடித்த பிறகு அவனுடைய முகம் எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை அவளும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நெட்டையே வந்து, கை சரியாகிவிட்டது, விண்ணப்பம் வேண்டாம், பழைய வேலைக்கே போகிறேன் என்றான். பொய்யன் என்றால் மாட்டிக்கொண்ட பிறகு இப்படித்தான் செய்வான். உண்மையாகவே அடிபட்டவனும் இத்தனை பேர் முன்னால் மானம் போன பிறகு இப்படித்தான் செய்வான். எது என்று அவளால் முடிவுகட்ட முடியவில்லை. அவளுடைய வாழ்க்கையில் அது புது அனுபவம், பிடிக்கவில்லை. நெட்டை பெட்டிகளை இடது கையால் அணைத்துத் தூக்கினான். மேல் தட்டுக்குப் போக வேண்டியவற்றை மற்ற லோடுமேன்கள் யாரும் சொல்லாமலே வாங்கி ஏற்றினார்கள். அவள் பக்கத்தில் வந்தால் பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு ஹாலிலிருந்து ஒரு கிளெய்மும் போகவில்லை. சூப்பர்வைசர்கள் கூட்டத்தில் மேனேஜர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். "ஆளுங்களை எப்படி வச்சு வேலை வாங்கறதுன்னு இவங்ககிட்ட கத்துக்குங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். முகம் சிவக்க, மனம் நிறைந்துதான் அவள் ஹாலுக்குத் திரும்பினாள். சுவரில் இருந்த முதலுதவிப் பெட்டி கண்ணில் பட்டது. திறந்தாள். பிளாஸ்டர் கட்டு பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. கண்ணாடி கட்டுகிற இடத்தில் இத்தனை நாளாக ஒருத்தருக்குக்கூட விரல் வெட்டுப்படாதா?

பெட்டிகளை லாரிக்குக் கொண்டுபோகிற பெல்ட்டில் ஒரு பெட்டி அவளைத் தாண்டிப் போனது. அதன் பக்கவாட்டில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு. விரலை வைத்தாள். ஈரம்.

"யாருக்கு வெட்டிச்சு?"

யாரும் நிமிரவில்லை.

"நான் மேல போய் எதுவும் சொல்லப்போறதில்லை. மருந்து போடணும், அவ்வளவுதான். கையைக் காட்டுங்க."

லேபிள் ஒட்டுகிற பெண் ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையேக்கா. ஏதாவது மையா இருக்கும்."

லாரிப் பக்கத்திலிருந்து நெட்டை சொன்னான். "இங்க இனிமே யாருக்கும் எதுவும் ஆகாதுக்கா. நீங்க கவலைப்படாதீங்க."

அந்தக் குரலில் நக்கல் இருக்கிறதா என்று அவள் தேடினாள். இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதற்குள் பெல்ட்டில் அடுத்த பெட்டி வந்துவிட்டது. அதன் மூலையில் ஒரு கட்டைவிரலின் முழு ரேகையும் சிவப்பாகப் பதிந்திருந்தது. நெட்டை அதை இடது கையால் மார்போடு அணைத்துத் தூக்கி, ரேகை உள்பக்கம் போகும்படி திருப்பி, லாரிக்குள் வைத்தான்.