நீண்டுகொண்டே போன வீடு

நில அளவையரின் காது மந்தமாகத் தொடங்கியபோது அவர் வீட்டு முன்னறையிலிருந்து சமையலறைக்குப் பதினோரு அடி; ஒன்பது ஆண்டுகள் கழித்து நூற்று நாற்பது அடி. வெளியிலிருந்து பார்த்தால் வீடு பழைய அளவில்தான் நின்றது. உள்ளே மட்டும், மனைவி சொன்னது அவரை எட்டாமல் போகும்போதெல்லாம் தரை ஒரு விரற்கடை நீண்டது. தொழில்காரர் என்பதால் அவர் பதறவில்லை. அளவு நாடாவைச் சந்தேகித்தார். மூன்று நாடாக்களை மாற்றினார். கொத்தனாரைத் திட்டினார். மண் இளகியிருக்கும் என்றார். அவர் சந்தேகிக்காத ஒரே கருவி காதுதான். "எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுறீங்க, தொறந்து பேசினா என்ன?" என்று எரிந்து விழுந்தார். தெருவில் லாரி திரும்பினால் தலையைத் தூக்குவார். மகள் கூப்பிட்டால் தூக்கமாட்டார். "வேண்டாததுன்னா மட்டும் காது அடைச்சுக்கும்" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சிரித்துக்கொண்டே சொல்லிவந்தார்.

ஐந்தாம் ஆண்டில் மனைவி கூப்பிடுவதை விட்டுவிட்டு நடந்தே போய்ச் சொன்னார். போய்ச் சேர்வதற்குள் டீ ஆறியது. பிறகு அவசியமானதை மட்டும் சொன்னார். ஊர்க்கதை நின்றது, சிரிப்பு நின்றது, சண்டையும் நின்றது. எட்டாம் ஆண்டில் வெளியூரிலிருந்து வந்த மகள், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து முடித்துக் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "என்னோட வந்துடும்மா. இங்க நீ யார்கூட இருக்கே?" அடுத்த ஆண்டு மனைவி பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினார். கணவரிடமும் சொன்னார். காதில் விழாத எல்லாவற்றுக்கும் சொல்வதுபோல அவர் "சரி, சரி" என்றார். அன்று வீடு ஒரேயடியாக ஒன்பது அடி நீண்டது.

கிளம்ப மனம் வராததால் பெட்டி சமையலறையிலேயே நின்றது. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் மனைவி அங்கே தொட்டியடியில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகியது. பதினெட்டு முறை கூப்பிட்டார். டீ வரவில்லையே என்று கணவர் வந்து சேர்ந்தபோது மதியமாகிவிட்டது.

"என்னங்க, நடந்தேவா வந்தீங்க? பஸ் எதுவும் கிடைக்கலையா?"

அருகில் நின்றதால் அவருக்குக் கேட்டது. பக்கத்தில் பெட்டி நிற்பதையும் அப்போதுதான் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"மகள்கிட்ட போறேன்னு ரெண்டு மாசம் முன்னாடியே சொன்னேனே. நீங்கதான் சரின்னீங்க."

மறுநாளே காது மருத்துவமனைக்குத் தானாகப் போனார். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார வைத்து, ஒலி கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள்.

"பட்டன் ரிப்பேரும்மா, ஒண்ணும் கேக்கல."

"பட்டன் நல்லாத்தான் சார் இருக்கு" என்றாள் பரிசோதிக்கும் பெண்.

இரண்டு காதுக்கும் அவரைவிதை அளவில் கருவிகள் பொருத்தினார்கள். முதல் வாரம் செய்தித்தாளைப் புரட்டினால் தகரம் உரசுவதுபோல இருந்தது. கழற்றி எறியப் போனார். "மூளை பழகணும் சார். தினம் கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் கூட்டுங்க" என்றாள் அந்தப் பெண். கூட்டினார். முதல் வாரத்தில் ஆறடி குறைந்தது, மாதக் கடைசியில் முப்பது. ஐந்தாம் மாதம் சமையலறைச் சுவர் பழைய இடத்துக்கு வந்து நின்றது. அலமாரியில் இரண்டு பீங்கான் கோப்பைகள் உடைந்ததைத் தவிரச் சேதமில்லை. மனைவி பெட்டியைப் பிரித்தார். மகளுக்குப் போன் செய்து, "இப்ப வர முடியாது, ஒன்பது வருஷத்துச் சண்டை பாக்கி கெடக்கு" என்றார்.

ஆறு ஆண்டுகள் நன்றாகச் சண்டை போட்டார்கள். கருவியைக் கழற்றினால் ஓரடி கூடும், மாட்டினால் குறையும்; அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி நாள் மதியம், படுத்தபடியே, "இன்னிக்காவது கொஞ்சம் சர்க்கரை போடேன்" என்றார் அவர். "டாக்டர் கூடாதுன்னது மட்டும் கேக்கலையாக்கும்?" என்றார் மனைவி, அடுப்படியிலிருந்து, குரலை உயர்த்தாமல். அவர் சிரிப்பது கேட்டது. டம்ளரோடு நாலே எட்டில் வந்தபோது சிரிப்பு முகத்தில் இருந்தது, மூச்சு இல்லை.

இனி வீடு மறுபடி நீளுமோ என்று மகள் பயந்தாள். மாதங்கள் போயின, நீளவில்லை.

"அது எதுக்குடி நீளணும்?" என்றார் அம்மா. "சொன்னதெல்லாம் கேட்டுட்டுத்தானே போனார்."