பிள்ளையார் சுழி போட்ட தாள்

வங்கியில் முப்பத்தெட்டு வருடம் காசோலைக் கையெழுத்துப் பார்த்தவர் கதிரவேலு. ஓய்வுபெற்றுச் சொந்த ஊரான கரவெட்டிக்கு வந்து ஆறு வருடமாகியும் அந்தக் கண் மட்டும் ஓய்வுபெறவில்லை. கோயில் அறிவித்தலில் தலைவரின் ஒப்பத்தைப் பார்த்துவிட்டு, இது அவர் போட்டதில்லை, மகன் போட்டது என்பார். சொன்னது சரியாகவும் இருந்துவிடும். அதுதான் வினை.

ஆகவே வாசிகசாலைத் தலைவர் பார்த்தீபன் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்ததில் புதினம் ஒன்றுமில்லை. சென்னைப் பாடகர் பிரான்சிஸ் அமலதாஸ் போன மாதம் காலமாகிவிட்டார். அவருக்கு வாசிகசாலையில் அஞ்சலிக் கூட்டம். பாட ஆசைப்பட்டவர்கள் ஊர் நிறைய இருந்தபடியால், அவரை நேரில் கண்டவர்களுக்குத்தான் மேடை என்று நிர்வாகம் முடிவெடுத்திருந்தது. மருந்துக்கடையில் வேலை செய்யும் தர்சிகா தன் பெயரைக் கொடுத்து, சான்றாக அந்தத் தாளையும் கொடுத்திருந்தாள். ஏழு வருடத்துக்கு முன் பாடகர் யாழ்ப்பாணம் வந்து தங்கிய ஹோட்டலில் அவள் வரவேற்பு மேசையில் இருந்தவளாம். அவள் முணுமுணுத்ததைக் கேட்டு அவரே எழுதிக் கொடுத்தாராம்: ‘இந்தக் குரலைப் பூட்டி வைக்காதே.’ கீழே ஒப்பம்.

நிர்வாகம் சூடு கண்ட பூனை. போன வருடக் கண்காட்சியில் பிரபல கிரிக்கெட் வீரர் ஒப்பமிட்ட மட்டை என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது, அதை விற்ற கடைக்காரர் ஒப்பமிட்ட மட்டை என்று பிறகு தெரிந்து ஊரே சிரித்தது.

கதிரவேலு பூதக்கண்ணாடியை எடுத்தார். பாடகரின் பழைய இசைத்தட்டு உறையில் அச்சாகியிருந்த ஒப்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கள்ள ஒப்பம் போடுகிறவனுக்குப் பயம். பேனை நின்று நின்றுதான் போகும். இதில் ஓட்டம் நன்றாகவே இருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தவர் தாளின் தலைப்பைப் பார்த்தார். அங்கே ஒரு பிள்ளையார் சுழி. அதே பேனை, அதே நீல மை.

அமலதாஸ் கத்தோலிக்கர். சிலுவை அடையாளம் போடாமல் மைக்கைத் தொடாத மனிதர். அவர் பிள்ளையார் சுழி போட்டா எழுதுவார்? கதிரவேலுவுக்குச் சிரிப்பு வந்தது. கள்ளத்தைப் பிடித்துவிட்ட சந்தோசம், உள்ளதைச் சொன்னால், அவருக்கு நிறையவே இருந்தது.

“சைவப் பிள்ளை எழுதினது, தம்பி. பழகின கை காட்டிக் குடுத்திட்டுது.”

பார்த்தீபன் தாளைத் தர்சிகாவிடம் திருப்பிக் கொடுத்து, அவள் பெயரையும் வெட்டிவிட்டான். பின்னேரத்துக்குள் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. மருந்துக்கடைக்கு வந்தவர்கள் பனடோல் வாங்கிக்கொண்டு, அவள் முகத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கோப்பில் வைக்க எழுத்தில் ஒரு குறிப்பு வேண்டும் என்று நிர்வாகம் கேட்டிருந்தது. மூன்றாம் நாள் காலை கதிரவேலு புதுத்தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கை தன்பாட்டில் போய்த் தலைப்பில் சுழி போட்டது. அதற்குப் பிறகுதான் என்ன எழுதுவது என்று யோசிக்கத் தொடங்கினார். தொடங்கிய யோசனை அந்தச் சுழியை விட்டு நகரவில்லை.

அவருடைய மகள் பள்ளிக்கூடம் முடித்தபோது, ஓட்டோகிராப் கொப்பியில் ஒரு பக்கம் விடாமல் சுழி போட்டுக் கொடுத்தவர் அவரேதான். வெறுந்தாளை அடுத்தவர் கையில் கொடுக்கக்கூடாது என்று புத்தியும் சொன்னவர். பிறகு அதில் யார் யாரோ எழுதினார்கள், கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரப் பிள்ளைகளும் எழுதினார்கள். ஒரு தாளில் ஒரு கைதான் எழுதும் என்று அவருக்கு யார் சொன்னது? சைக்கிளை எடுத்துக்கொண்டு தர்சிகா வீட்டுக்குப் போனார்.

அவள் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். சுழி யார் போட்டது என்று படலையில் நின்றபடியே கேட்டார்.

“நான்தான் ஐயா. புதுக்கொப்பி, முதல் தாள். சுழியைப் போட்டிட்டு அந்தப் பேனையோடையே அவரிட்டைக் குடுத்தனான்.”

“ஏன் பிள்ளை உதைச் சொல்லேல்லை?”

“ஆர் கேட்டவை?”

கதிரவேலு படலையைத் திறந்து உள்ளே வந்தார். தாளைத் தரும்படியும், தானே கொண்டுபோய்ப் பிழையைத் திருத்துவதாகவும் சொன்னார். தாள் இல்லை என்றாள். கள்ளத்தாள் என்று பெயர் எடுத்ததை வீட்டில் வைத்து என்ன செய்வதென்று அன்றைக்கே அடுப்பில் வைத்துவிட்டாளாம். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நேரே வாசிகசாலைக்குப் போனார். ‘ஒப்பம் உண்மையானது. முன்னர் கூறியது எனது தவறு’ என்று எழுதித் தன் ஒப்பத்தை வைத்து நீட்டினார். பார்த்தீபன் இரண்டு தரம் வாசித்தான். ஐயாவுக்கு மனம் இளகிவிட்டது என்று அவன் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. தாளைக் காணாமல் எப்படி ஏற்றுக்கொள்வது என்று கேட்டான். அவனுடைய இடத்தில் இருந்தால் கதிரவேலுவும் அதையேதான் கேட்டிருப்பார்.

“முந்தநாள் தாள் இருந்தது, தம்பி. நான் பிழையாச் சொன்னன். ஒரு கேள்வியும் கேக்காமல் நம்பினியள். இண்டைக்குச் சரியாச் சொல்லுறன், இப்ப தாள் கேக்கிறியள்.”

பார்த்தீபன் நிகழ்ச்சி நிரலை எடுத்து மேசையில் விரித்தான். பிறகு, அதைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சொல்ல முடியுமென்றால் அவள் பெயரைச் சேர்க்கலாம் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கதிரவேலு மைக்கின் முன் நின்று, தான் பார்த்த பார்வை பிழைத்துவிட்டது என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது. தர்சிகா மேடையேறினாள். பக்கவாத்தியத்துக்குக் காத்திராமல் பாடத் தொடங்கினாள். முதல் வரி முடிய முன்னமே சபையில் கதைபேச்சு நின்றுவிட்டது.

“உண்மையாத்தான் எழுதியிருக்கிறார், ஐயா,” என்று பார்த்தீபன் அவர் காதுக்குள் சொன்னான்.

கதிரவேலு தலையை நிமிர்த்தவில்லை. அந்தப் பிள்ளையை ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்டிருந்தால் போதும்; பூதக்கண்ணாடியே தேவைப்பட்டிருக்காது.