பெயர் சொல்லி ஜெபித்தார்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் போகச் சேலை மடிப்பு எடுத்துக்கொண்டிருந்த பிரிஜா டீச்சரின் கைப்பேசி ஓயாமல் கிணுகிணுத்தது. "டீச்சர், ஒடம்புக்கு என்ன?" என்று மீன்காரி ஞானபாய் கேட்டிருந்தாள். "தைரியமா இருங்க" என்றது தையல்கடை. சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட இரண்டு கை கூப்பிய படம் ஒன்றை அனுப்பியிருந்தார். செத்துப்போனவர்களுக்குத்தானே இப்படியெல்லாம் அனுப்புவார்கள் என்று பிரிஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி குளோரி போனில் வந்தாள்.

"ஏட்டி பிரிஜா, நீ ஒண்ணும் பேடிக்காத. ஒனக்க பேர ஜெப லிஸ்டுல குடுத்தாச்சு. இன்னைக்கு சபையே பேர் சொல்லி ஜெபிக்கும்."

"என்னத்துக்கு அக்கா?"

"நீ புத்தகம் படிச்ச மெசேஜ் எல்லாருக்கும் வந்துதே! மனசுக்கு தீனம்னா மறைக்கப்பிடாது மக்கா."

அந்த மெசேஜை அனுப்பச் சொல்லி பிரிஜா வாசித்தாள். 'உங்கள் தோழி பிரிஜா, மனப்பதற்ற நோயிலிருந்து மீள்வது எப்படி என்ற நூலை மூன்றாவது முறையாக வாசித்து முடித்துவிட்டார். நீங்களும் வாசியுங்கள்!' மூன்றாவது முறை! போனில் அவள் புத்தகம் வாசிக்கிற பாவி ஆப்பு அதையும் எண்ணி வைத்திருந்தது.

எட்டு மாதத்துக்கு முன் மார்த்தாண்டம் சந்திப்பில் ஒரு லாரி அவளுடைய ஸ்கூட்டரை இடித்தது. எலும்பு தப்பியது, மனசு தப்பவில்லை. வகுப்பில் நிற்கும்போது ரோட்டில் ஹாரன் கேட்டாலும் கை நடுங்கும், மூச்சு முட்டும். நாகர்கோவில் டாக்டர் சொன்ன பயிற்சியும் இந்தப் புத்தகமுமாக மெல்ல மெல்லச் சரியானாள். இப்போது ஐந்து மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை. அச்சுப் புத்தகம் வாங்கினால் ஆசிரியர் அறையில் யாராவது அட்டையைப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்துதான் போனில் வாசித்தாள். அந்தப் போனே ஊரைக் கூட்டிவிட்டது.

நாளை காலை பத்து மணிக்கு அவளுக்கு இண்டர்வியூ. ஆறு வருடமாகத் தற்காலிக ஆசிரியை. நாளைக்குத் தேறினால் நிரந்தரம். தேர்வு செய்கிற பள்ளித் தாளாளர் முத்துநாயகத்தின் எண்ணும் அவள் போனில்தான் இருந்தது. மனசு சரியில்லாதவளிடம் பிள்ளைகளை விடுவாரா அந்த மனிதர்?

எப்படி நடந்தது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. போனில் உள்ள பெயர்களைப் பார்க்கட்டுமா, நண்பர்களுக்குச் சொல்லட்டுமா என்று அந்த ஆப் கேட்டுத்தான் இருந்தது. பிள்ளைகளின் கட்டுரையில் ஒற்றுப்பிழையைத் தேடித் தேடிச் சுழிக்கிற டீச்சர், ஐந்து பக்க நிபந்தனையில் ஒரு வரிகூட வாசிக்காமல் கேட்டதுக்கெல்லாம் 'சம்மதம்' அமுக்கியிருந்தாள்.

ஆராதனைக்கு முன்பே பெயரை எடுத்துவிடலாம் என்று ஆட்டோ பிடித்து ஓடினாள். "லிஸ்டு போதகர் கைக்குப் போயாச்சே" என்று கையை விரித்தாள் குளோரி. மணி அடித்தது. பாட்டு, வேதபாடம், பிறகு நோயாளிகளுக்கான ஜெபம். "கால் முறிந்திருக்கிற ராஜமணிக்காகவும், மனம் கலங்கியிருக்கிற சகோதரி பிரிஜாவுக்காகவும்..." என்றார் போதகர். கண்ணை மூடியிருக்க வேண்டிய நேரத்தில் பத்துத் தலைகள் திரும்பின. மூன்றாவது வரிசையில் இருந்த முத்துநாயகம் மட்டும் திரும்பவில்லை. அதுதான் அவளை இன்னும் கலக்கியது.

ஐந்து மாதமாக விட்டிருந்த நடுக்கமும் மூச்சுமுட்டலும் பொல்லாத நேரம் பார்த்துத் திரும்பி வந்தன. மெல்ல மூச்சை இழுத்து, எண்ணி எண்ணி விட்டாள். யார் என்ன நினைப்பார்களோ என்று பயந்து பயந்து இனி எத்தனை நாள் வாழ்வது? ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்கிறவர்கள் வரலாம் என்று போதகர் அழைத்ததும் எழுந்து முன்னால் போய்விட்டாள்.

"எனக்காக ஜெபிச்சதுக்கு நன்றி. அந்தப் புத்தகத்த வாசிச்சது நெசம். லாரி இடிச்ச பொறவு பயம் வந்துது, டாக்டரப் பாத்தேன், சரியாச்சு. வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஆனா அதச் சொல்லணுமா வேண்டாமான்னு நான் நெனைக்கியதுக்கு முன்ன எனக்க போன் சொல்லிட்டு. வீட்டுக்குள்ள வரட்டான்னு ஒருத்தன் கேட்டான், ஆருன்னு பாக்காம கதவத் தொறந்து விட்டது நானாக்கும்."

சபையை நிமிர்ந்து பார்த்துத் தொடர்ந்தாள்.

"எனக்க சங்கதி மட்டும் போகல்ல. உங்க எல்லாருக்க நம்பரையும் உங்ககிட்ட கேக்காம அவனுக்குக் குடுத்துட்டேன். அதுக்கு மன்னிக்கணும்."

குளோரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நானும் ஒன்னிட்ட ஒரு வார்த்த கேக்காம பேரக் குடுத்தேனே மக்கா" என்று ஆராதனை முடிந்ததும் பிரிஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசல் கேட்டருகே முத்துநாயகம் நின்றிருந்தார். "டீச்சர், ஒரு நிமிஷம்." வேலைக் கதை முடிந்தது என்றே பிரிஜா நினைத்தாள்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஜிப்பா பையிலிருந்து போனை எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்த ஆப்பு எனக்க கையிலயும் உண்டு. ஒரு புத்தகம் பாதி வாசிச்சு வச்சிருக்கேன். முடிச்சா ஊருக்கெல்லாம் சொல்லிருமா?"

"சொல்லும் சார். நீங்களும் சம்மதம் குடுத்திருந்தா."

"வாசிச்சா பாத்தேன்? அமுக்கினேன்." அவர் முகம் வெளிறிவிட்டது.

பிரிஜா போனை வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, எங்கே தொடவேண்டும், எதை அணைக்கவேண்டும் என்று வாயால் மட்டும் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாக அணைத்தார். அது என்ன புத்தகம் என்று அவள் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. அது அவரை என்னவோ செய்தது.

"பொய் சொல்லப்பிடாது டீச்சர். காலைல மெசேஜ் வந்ததும் இண்டர்வியூ லிஸ்டுல ஒங்க பேர வெட்டிட்டேன். இப்போ எனக்க சங்கதி வெளிய வந்துருமோன்னு பயந்தப்பதான், நான் செய்தது என்னன்னு வெளங்குது. வீட்டுக்குப் போனதும் ஒங்க பேர மறுபடி எழுதுவேன். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. கிளாஸ் எடுக்கியதப் பத்தி மட்டும் கேப்போம்."

நாலடி நடந்தவர் திரும்பி வந்து சொன்னார்:

"நாம வாசிக்காம சம்மதம் குடுக்கப்பிடாது. அடுத்தவங்க சம்மதம் இல்லாம அவங்க சங்கதி நம்ம கைக்கு வந்தாலும், அத எடுத்து அவங்கள அளக்கப்பிடாது."